முப்பத்தாறு டிகிரி

அத்தியாயம் 9

கோடவுன் வாசலில் மாட்டியிருந்த பலகையைப் படித்ததுமே மூக்கருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. 'இங்கே விபத்தில்லாமல் கடந்த நாட்கள்: 418' என்று அதில் எழுதியிருந்தது. ஆறு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, இதே கோடவுனின் பேட்டரி ரூம் வெடித்து, ஒரு மனுஷன் பாதி உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பலகைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஓர் ஆள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, எட்டைக் கழற்றிவிட்டு ஒன்பதை மாட்டிக்கொண்டிருந்தார்.

"குண்டு போட்டாலும் இவங்க எண்ணிக்கை நிக்காது போல, சார்" என்றாள் வாயாடி.

வாயாடி என்பது அவளுக்கு மூக்கர் வைத்த பெயர். மூக்கர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். துப்பறியும் தொழிலில் இருபது வருஷமாக அந்த மூக்கு அவருக்குச் சோறு போடுகிறது. ஆனால் மனிதர்கள் செய்கிற காரியங்களின் நாற்றம் மட்டும் அதற்கு இன்னும் பழகவில்லை. உதவியாளராக வந்த எட்டு வருஷத்தில் வாயாடி சும்மா இருந்தது பல் பிடுங்கிய அன்று ஒரு நாள்தான்.

மேனேஜர் குண்டூசியால் பல்லைக் குத்தியபடியே அவர்களை எதிர்கொண்டார். பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, சார்ஜிங் ஆள் கான்ட்ராக்டில் வந்தவர், அவருக்கு நேர்வது இவர்களுடைய விபத்தில் சேராது, அதுதான் விதிமுறை என்று விளக்கினார். குண்டூசி நுனியை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். மூக்கர் வேறு பக்கம் பார்த்தார்.

விஷயம் இதுதான். சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் எல்லாம் அங்கே பேட்டரியில் ஓடுகின்றன. அவற்றை ஒரு சின்ன அறையில் வரிசையாக நிறுத்தி சார்ஜ் போடுவதுதான் அந்த மனுஷனின் வேலை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நேராகக் கூரைக்குப் போய்த் தங்கிவிடும். அப்புறம் ஒரு பொறி போதும். அதற்காகவே கூரையில் கண்ணாடி இழையால் செய்த சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாயு சேர்ந்தால் அலாரம் அடிக்கும், சார்ஜர் தானாக நின்றுவிடும். அன்றைக்கு அது அடிக்கவில்லை. சென்சார் பதிவில் கடைசி நொடி வரைக்கும் வாயு பூஜ்யம்.

வாயு இல்லை என்றால் வெடித்தது என்ன? கம்பெனி பதில் வைத்திருந்தது. சார்ஜிங் ஆள் சிகரெட் பற்ற வைத்தார், பக்கத்தில் இருந்த பெயின்ட் தின்னர் டின் வெடித்தது. அவரை மறுத்துப் பேசச் சொல்லலாம் என்றால், தொண்டை வெந்து குழாய் போட்டிருக்கிறார்கள். பேச்சு இல்லை.

இன்று நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் வெந்து கிடப்பவரின் மனைவி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவரின் அஜாக்கிரதைதான் காரணம் என்று. போட்டால் கம்பெனி வைத்தியம் பார்க்கும், கேஸ் கிடையாது. போடாவிட்டால் கட்டிலில் கிடக்கிறவர் மேலேயே கேஸ். சனிக்கிழமை அவள் மூக்கரின் ஆபீஸுக்கு வந்து சொன்னது ஒன்றுதான். "அவர் சிகரெட்டைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டு அவர் மூஞ்சில எப்படி சார் முழிப்பேன்?"

கூட வந்த அவளுடைய அண்ணன், போட்டுவிடு என்றுதான் சொன்னான். அவனுக்கும் இதே கோடவுனில்தான் வேலை. கன்ட்ரோல் ரூமில் இருந்துகொண்டு சென்சார்களைக் கவனிப்பவன். உயிர்தான் முக்கியம், மானம் அப்புறம் என்றான். கேட்கத் தப்பாகப் படவில்லை. சென்சார் பதிவின் நகலை ஆபீஸில் கேட்டு வாங்கி, பைலில் போட்டு, மூக்கரிடம் கொடுத்ததும் அவன்தான்.

பேட்டரி ரூம் கதவைத் திறந்ததும் மூக்கர் கைக்குட்டையை எடுக்கவில்லை. மூக்கை உள்ளே விட்டு நிதானமாக இழுத்தார். ஆசிட், வெந்த ரப்பர், நனைந்த கரி. அதற்கெல்லாம் அடியில், சொல்லவே கூசுகிற இன்னொரு நாற்றம். அது மனுஷனுடையது. தின்னர் வாசனை ஒரு துளி இல்லை. எண்ணெய்ச் சரக்கு எரிந்த இடத்தில் ஆறு நாளில் வாசனை போய்விடாது என்பது அவருக்குத் தெரியும்.

டின் மட்டும் மூலையில் இருந்தது. வாயாடி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "ரொம்ப ஒழுக்கமான டின், சார். வெடிச்சு முடிச்சிட்டு மூடியையும் எடுத்துப் போட்டுக்கிச்சு."

மூடி அழுத்தமாக மூடியிருந்தது. டின் எங்கேயும் பிளக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன்கூட இவர்களைவிட அதிகமாகச் சோறு போடுவான் என்று மூக்கர் நினைத்தார். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. வாயுவை வெளியே தள்ள வேண்டியது அது. வயரைக் கழற்றிச் சுருட்டி, நூல் கொண்டு கட்டி, பின்பக்கம் செருகியிருந்தார்கள். ரிப்பேருக்குச் சொல்லி மூன்று மாதம் ஆகிறதாம். மேனேஜர் அதைப் பாக்கி இருக்கும் ஒரு கல்யாண அழைப்பைப் போலச் சாவகாசமாகச் சொன்னார். சென்சார் பூஜ்யம் காட்டும்போது ஃபேனுக்கு என்ன அவசரம் என்றும் கேட்டார்.

கூரைக் கொக்கியில் சென்சாரின் மிச்சம் கருகித் தொங்கியது.

வண்டிக்குத் திரும்பி, மூக்கர் பைலைத் தொடை மேல் விரித்தார். நாலு தாள். இடப்பக்கம் நேரம், நடுவில் வாயு அளவு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பதினொன்று முப்பத்து மூன்றில் முடிவு. வெடித்தது பதினொன்று இருபது. நெருப்பு கூரைக்கு ஏறக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்று அண்ணன்காரன் அன்றைக்கே விளக்கம் சொல்லியிருந்தான். மூக்கர் எண்களைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார். பைல் அட்டையைவிடத் தாள்கள் இரண்டு விரற்கடை அகலம் குறைந்திருந்தன. வலது ஓரம் லேசாக வளைந்து போயிருந்தது. கத்தரிக்கோல் போன வழி.

"யாரோ வலப்பக்கத்தை வெட்டிட்டாங்க, வாயாடி. வெட்டின இடத்துல என்ன இருந்திருக்கும்?"

அதைச் சொல்லக்கூடிய ஒருத்தி இருந்தாள். சென்சார் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் பெண். கோடவுனின் பதிவு தினமும் ஒரு பிரதி அவர்களுக்கும் போகும். ஆறு நாளாக அவளுக்கும் தூக்கமில்லை. அவர்கள் செய்த சென்சார் தூங்கிவிட்டது என்று ஊர் சொன்னால் அவர்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான். வாயாடி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் முதலில் பாடம் எடுத்தாள். மூக்கருக்குப் பாடம் பிடிக்காது, இருந்தாலும் கேட்டார். தலைமுடி அளவு கண்ணாடி இழை. உள்ளே ஓடுவது வெளிச்சம் மட்டும். அங்கே மின்சாரமே கிடையாது, அதனால் பொறி வராது. நுனியில் பல்லேடியம் என்ற உலோகத்தின் பூச்சு. அது ஹைட்ரஜனைக் குடித்து, ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பும். உப்பினால் இழை இழுபடும். இழுபட்டால் திரும்பி வருகிற வெளிச்சத்தின் நிறம் ஒரு துளி மாறும். அந்தத் துளியை அளந்துதான் வாயு எவ்வளவு என்று சொல்கிறார்கள்.

"ஆனா சூட்டுலயும் இழை நீளும் சார்" என்றாள். "வாயுவா, வெறும் சூடான்னு பிரிச்சுப் பார்க்கணும் இல்லையா? அதுக்காகப் பக்கத்துலயே பூச்சு இல்லாம இன்னொரு இடம் வெச்சிருப்போம். அது சூட்டை மட்டும் சொல்லும். வலப்பக்கத்துல அந்த எண் வரும். சத்தியமா யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க."

"நாங்க பார்க்கிறோம்" என்றார் மூக்கர். "செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்கு அறை வெடிச்சுது. சூடு எவ்வளவு?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். அப்புறம் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "இருபத்திரெண்டு டிகிரி."

வாயாடி போனையே முறைத்தாள். "அறை எரியுது, இவர் மட்டும் ஊட்டியில உக்கார்ந்திருக்காரா?"

பதினொன்று இருபத்தொன்று, இருபத்திரண்டு டிகிரி. இருபத்தைந்து வரை அதேதான். எரிகிற அறைக்குள் இருந்த சென்சாருக்கு எரிவது தெரியவில்லை. அப்படியென்றால் அது அந்த அறைக்குள் இல்லை. எவ்வளவு நாளாக இல்லை? பெண் பதிவில் பின்னால் பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு வரை சூடு பகலில் ஏறியும் இரவில் இறங்கியும் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் தடாலென்று இருபத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் அசையவே இல்லை. காவலாளியைத் தூக்கிக் குளிர்சாதன அறையில் தூங்க வைத்துவிட்டு, திருடனே வரவில்லை என்று மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு அப்புறம்?"

"இருபத்தாறுல திடீர்னு ஏறுது. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. நாலு நிமிஷம் அங்கேயே நிக்குது. அப்புறம் அறுபது. அப்புறம் நானூறு. அதோட இழை போயிடுச்சு."

மூக்கர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மெல்ல விரல்களை மடக்கினார். முப்பத்தாறு டிகிரியில் நாலு நிமிஷம் அசையாமல் நிற்கிற அடுப்பு எதுவும் கிடையாது. ஒருவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வெந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் நின்று நாலு நிமிஷம் யோசித்திருக்கிறான். பிறகு அதை நெருப்புக்குள் கொண்டு போய் மாட்டி, எரித்து, அங்கேயே இருந்ததுபோல் ஆக்கியிருக்கிறான். ஆம்புலன்சுக்கு போன் போனது பதினொன்று நாற்பதுக்கு. அதையும் கேட் வாட்ச்மேன்தான் செய்தார்.

வண்டியின் கண்ணாடியை இறக்கி மூக்கர் வெளியே துப்பினார். அவர் வழக்கமாகத் துப்புகிறவர் இல்லை.

கோடவுனில் ஏ.சி. இருப்பது மேனேஜர் அறை. வாயாடிக்கு அதில் சந்தேகமே இல்லை. பேட்டரி ரூமிலிருந்து இரண்டு சுவர் தள்ளி, பொய்க்கூரை போட்ட அறை. மூக்கர் உள்ளே போய் உட்கார்ந்து, சென்சார் மூன்று மாதமாக அந்தக் கூரையில்தான் தூங்கியதா என்று நேராகவே கேட்டார். மேனேஜர் குண்டூசியைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த அலாரத்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவை வேலை நின்றது உண்மைதான், அந்தச் சத்தம் இனிமேல் காதில் விழக்கூடாது என்று தான் சொன்னதும் உண்மைதான், ஆனால் சென்சாரைத் தொட்டதே இல்லை என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. கையில் அழுக்குப் படாமல் அழுக்குச் செய்கிறவர்களுக்கே உரிய பெருமை.

வாயாடி பாதி எழுந்துவிட்டாள். மூக்கர் அவளைத் தடுத்து வெளியே கூட்டிவந்து, நடைவழியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேனேஜர் ஐயா அறையில் ஏ.சி. ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமா?

அந்த அம்மா சிரித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஐயா அணைத்துவிட்டுப் போய்விடுவார், ஞாயிறு முழுக்க ஆபீஸ் பக்கத்துக்கே கரன்ட் கிடையாது, துடைக்கிற இவர்தான் வியர்த்துச் சாக வேண்டும்.

இழை சொன்ன கணக்கில் ராத்திரி கிடையாது, ஞாயிறு கிடையாது. மூன்று மாதமும் இருபத்திரண்டு. அது மேனேஜரின் அறை இல்லை.

"சார்..." என்றாள் வாயாடி. அவளுக்கும் புரிந்துவிட்டது. "வேண்டாம் சார். அது மட்டும் வேண்டாம்."

கன்ட்ரோல் ரூம் பேட்டரி ரூமை ஒட்டினாற்போல், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அண்ணன்காரன் தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, கடிதத்தை அவள் முன்னால் விரித்து, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்திருந்தான். அவள் இன்னும் போடவில்லை. ஆறு நாளாக ஆஸ்பத்திரி வராண்டாவில் அவளுக்குச் சமமாகக் கண் விழித்தவன் அவன். உதட்டை நனைக்க ஸ்பூனில் தண்ணீர் கொண்டு போனால் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், வலியில் மனுஷனுக்கு ஆளே தெரியவில்லை என்று சொல்லி அழுதவன்.

மூக்கர் குளிரைப் பாராட்டினார். இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை அணைத்துவிடுவார்களா என்று கேட்டார்.

"இல்ல சார், அணைக்கவே கூடாது. மெஷின் சூடாயிடும்" என்றான் அவன். "வருஷம் பூரா இருபத்திரெண்டுலயே ஓடும். சாவியும் என்கிட்ட மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், மூக்கர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்தான். சுவரின் உச்சியில் இழை போகிற குழாய். அதற்குக் கீழே ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி, ஒரு சுருள் அளவுக்கு வட்டமாகச் சுவரில் தூசி படியாமல் இருந்தது.

மூக்கர் வெட்டுப்பட்ட தாளை மேஜையில் வைத்தார். வெட்டிய பக்கத்தில் என்ன இருந்தது என்பதை, இருபத்திரண்டில் ஆரம்பித்து நானூறு வரை, ஒவ்வொரு எண்ணாக அந்த மனைவிக்குப் புரியும்படி சொன்னார். முப்பத்தாறு வந்ததும் கையை மடக்கிக் காட்டினார். யாருடைய கை என்று சொல்லவில்லை. அவள் அண்ணனின் வலது கையைப் பார்த்தாள். அவன் அதை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

அப்புறம் எல்லாம் தானாக வந்தது. அவன் நின்றுகொண்டேதான் சொன்னான். ஃபேன் நின்ற நாளிலிருந்து அலாரம் ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் மேனேஜர் போன் போட்டுத் திட்டினார். ஒரு சாயங்காலம் சென்சாரைக் குழாய் வழியாக இந்தப் பக்கம் இழுத்து ஆணியில் மாட்டினான். நாலு நாளைக்குத்தான், ஃபேன் வந்ததும் திருப்பி விட்டுவிடலாம் என்று. ஃபேன் வரவில்லை. இவனுக்கும் அமைதி பழகிவிட்டது. இப்போதெல்லாம் அலாரமே அடிக்கவில்லையே என்று மாப்பிள்ளை ஒரு நாள் கேட்டபோது, சரி பண்ணிவிட்டேன், தைரியமாக வேலை பாருங்கள் என்று சொன்னான். செவ்வாய்க்கிழமை சார்ஜர் கிளிப்பைக் கழற்றும்போது வந்த பொறியாகத்தான் இருக்கும். வெடித்ததும் ஆணிதான் முதலில் ஞாபகம் வந்தது. தாளை வெட்டியதும் அவன்தான். டின் மேனேஜருடைய யோசனை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை மூக்கர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தக் குளிர்ந்த அறையில் மூச்சு விடுவதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அவன் அழ ஆரம்பித்தான். அந்த அழுகை நிஜமாகவே இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

தன் மனைவி, குழந்தைகள், வேலை என்று அவன் ஏதோ சொல்ல வந்தான். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"கொக்கியில மாட்ட உள்ள போனியே அண்ணா. அவர் எங்க கிடந்தாரு?"

"கொக்கிக்குக் கீழதான்."

"உன்னைப் பார்த்தாரா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்பப் பேச்சு இருந்துச்சா அவருக்கு?"

வாயாடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'மச்சான்'னு கூப்பிட்டாரு" என்றான்.

"நீ என்ன சொன்னே?"

அவன் மூக்கரைப் பார்த்தான். மூக்கர் உதவவில்லை.

"'இருங்க, வர்றேன்'னு சொன்னேன்."

அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. சென்சாரு, ஃபேனு, டின்னு எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல இதைச் சொல்லு. அவர் கூப்பிட்டதையும், நீ 'வர்றேன்'னு சொன்னதையும். நான் பக்கத்துலயே நின்னு கேக்கிறேன்."